பின் டயர் ஏன் பெரிசு, ஸார்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ரேஸ் வீரன் இல்லை. கலிஃபோர்னியாவில் ஸன்னிவேல் என்கிற ஊரில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற சாதா ஆசாமி. நாற்பது வயது தாண்டினால் ஒவ்வொருவருக்கும் ஒன்று வரும். சிலருக்கு ஷுகர், சிலருக்கு பிரஷர். எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது.

2019-ல் ஒரு செகண்ட் ஹாண்ட் ஹோண்டா எஸ்-2000 வாங்கினேன். 2001 மாடல். பதினெட்டு வயசான கார். ஹோண்டா கம்பெனிக்கு ஐம்பது வயசு ஆனதைக் கொண்டாட அவர்களே அவர்களுக்குக் கொடுத்துக்கொண்ட பிறந்த நாள் பரிசு அது. 1999-லிருந்து 2009 வரைதான் தயாரித்தார்கள். மேல் கூரை இல்லாமலும் ஓட்டலாம். இரண்டே லிட்டர் எஞ்ஜின், டர்போ கிர்போ எதுவும் கிடையாது. ஆனாலும் 240 குதிரைச் சக்தி. முள் 9,000 வரை ஏறும். அந்த நேரத்தில் எஞ்ஜின் போடும் சத்தத்தைக் கேட்டால் நம் ஆபீஸ் மானேஜர் திட்டுவதெல்லாம் தாலாட்டு.

மனைவி காரைச் சுற்றி ஒரு முறை வந்தாள்.

"ரெண்டே சீட்டா? குழந்தை எங்கே உட்காருவா?"

"இது... வந்து... வீக் எண்ட் கார்."

"நீங்களும் உங்க ஆசையும் உட்கார இடம் இருக்கு. நடத்துங்க!"

நடத்தினேன். நாலே மாசத்தில் பின் டயர் இரண்டும் மொட்டை!

ஆஃபர் என்றொரு வலை

இங்கேதான் ஒரு சின்ன முன்கதை. எங்கள் வீட்டில் முதலில் வந்த வண்டி, அப்பாவின் பஜாஜ் சேட்டக். முன்னாலும் பின்னாலும் ஒரே சைஸ் டயர், 3.50-10. பக்கவாட்டில் இருக்கும் ஸ்டெப்னியும் அதே சைஸ். எதை வேண்டுமானாலும் கழற்றி எங்கே வேண்டுமானாலும் மாட்டலாம். சக்கரங்களுக்குள் அப்படி ஒரு சமத்துவம்! ஆகவே, ஒரு வண்டியில் எல்லாச் சக்கரமும் ஒன்றுபோல இருப்பதுதான் தர்மம் என்று என் மண்டையில் பதிந்து போயிருந்தது.

எஸ்-2000 அப்படி இல்லை. முன் டயர் 205/55 ஆர் 16. பின் டயர் 225/50 ஆர் 16. ரிம்மும் வேறு வேறு. முன்னால் ஆறரை அங்குல அகலம், பின்னால் ஏழரை. முன்னால் குறுகல், பின்னால் அகலம் என்று இப்படி அமைப்பதை இங்கே 'ஸ்டாகர்டு' என்கிறார்கள்.

டயர் கடைக்குப் போனேன். கௌண்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "225-ல் சரக்கு குறைவு, விலையும் ஜாஸ்தி. பேசாமல் நாலும் 205 போட்டுக்கொள்ளுங்களேன். மூன்று வாங்கினால் ஒன்று இலவசம். முன்னதைப் பின்னால், பின்னதை முன்னால் மாற்றி மாற்றி ஓட்டலாம், ரொம்ப நாள் உழைக்கும்" என்றார்.

இலவசம் என்ற சொல் காதில் விழுந்ததும் என் மூளை ஸ்விட்ச் ஆஃப் ஆகிவிடும். இருந்தாலும் நானும் எஞ்ஜினீயர்தானே என்று அங்கேயே ஒரு கணக்குப் போட்டேன். நீங்களும் உங்கள் வண்டி டயருக்குப் போட்டுப் பார்க்கலாம், சுலபம்தான்.

205/55 ஆர் 16 என்றால் என்ன? 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது ரிம்முக்கு மேலே தெரிகிற ரப்பர் சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவிகிதம் என்பது. 205-ல் 55 சதவிகிதம் 112.75 மி.மீ. 'ஆர்' என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். அதாவது 406.4 மி.மீ. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், நடுவில் ரிம். எல்லாம் கூட்டினால் டயரின் மொத்த உயரம் 631.9 மி.மீ.

இதே மாதிரி பின் டயர் 225/50-க்குப் போட்டால் 631.4 வருகிறது. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! உயரம் ஒன்றுதான், ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது, ஏ.பி.எஸ். குழம்பாது. 'அப்புறம் என்ன, போடுங்க ஸார்' என்று சொல்லிவிட்டேன். மிச்சம் பிடித்தது 160 டாலர். அன்றைக்கு நான் நடந்த நடையைப் பார்த்திருந்தால் நோபல் பரிசு வாங்கி வருகிறான் என்று நினைத்திருப்பீர்கள்.

கணக்குச் சரி. கேள்விதான் தப்பு. உயரம் பொருந்துகிறதா என்று கேட்டேன். அகலத்தை எதற்கு அப்படி வைத்தான் என்று கேட்கவில்லை.

அப்பா குனிந்து பார்த்தார்

அந்த வருஷம் நவம்பரில் அப்பா ஊரிலிருந்து வந்தார். முப்பத்தொரு வருஷம் அரசு பஸ் டெப்போவில் டயர் செக்‌ஷனில் இருந்துவிட்டு ரிடையர் ஆனவர். பேரக் குழந்தையைக் கொஞ்சி முடித்த கையோடு கராஜுக்குப் போனார். மற்ற அப்பாக்கள் கார் வாங்கினால் பானெட்டைத் தட்டிப் பார்ப்பார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்துக்கு முன் குத்த வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"முன்னால என்ன சைஸு?"

"205 பா."

"பின்னால?"

"அதுவும் 205."

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, கதவு மூடுகிற தூணில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"இதுல பின்னால 225-னு போட்டிருக்கானே?"

"ஹைட் ஒண்ணுதாம்பா. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"கம்பெனிக்காரனுக்குக் கணக்குத் தெரியாதாடா? பின் டயர் ரிம்முல உக்காரவே இல்ல பாரு. சின்னச் சட்டையைப் பெரிய ஆள் போட்ட மாதிரி இழுத்துக்கிட்டு நிக்குது."

உண்மைதான். 205 டயரை ஏழரை அங்குல ரிம்மில் மாட்டலாம், ஆனால் அதற்கு மேல் ஒரு நூல் கூடப் போகக்கூடாது. டயர் கம்பெனிகள் கொடுக்கும் அட்டவணையில் அதுதான் கடைசி எல்லை. நான் எல்லையில் நின்றுகொண்டிருந்தேன்.

"அப்பா, இது பஸ் இல்லப்பா" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். முப்பத்தொரு வருஷம் எத்தனையோ ஆயிரம் பேர் ராத்திரி பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்ததில் அவர் குனிந்து பார்த்த பார்வைக்கும் பங்கு உண்டு.

ஹைவே 9, காலை எட்டரை

இந்த ஊரில் ஏப்ரல், மே வாக்கில் மழை நின்றால் பிறகு அக்டோபர், நவம்பரில்தான் மறுபடி வரும். நடுவில் பல மாசம் ரோட்டில் எண்ணெயும் ரப்பர் தூளும் தூசியும் படிந்துகொண்டே இருக்கும். முதல் மழை இதையெல்லாம் கழுவிவிடாது, குழைத்துவிடும். ரோடு முழுக்க வெண்டைக்காய் வழவழப்பு.

அப்படி ஒரு மழை பெய்து ஓய்ந்த காலை. பிக் பேசின் என்கிற காட்டில் வானத்தை முட்டும் ரெட்வுட் மரங்கள் உண்டு. கலிஃபோர்னியாவின் முதல் அரசுப் பூங்கா, 1902-ல் ஏற்படுத்தியது. (2020 ஆகஸ்டில் வந்த காட்டுத் தீ அதைக் கருக்கிவிட்டுப் போனது வேறு சோகக் கதை.) அப்பாவுக்கு அதைக் காட்டலாம் என்று கிளம்பினேன். ஸாரடோகாவைத் தாண்டியதும் ஹைவே 9 மலையேறுகிறது. பெயர்தான் ஹைவே. ஏற்காடு கொண்டைஊசி வளைவுகளுக்கு அமெரிக்கச் சட்டை போட்ட மாதிரி இருக்கும்.

உச்சியைத் தாண்டி இறங்க ஆரம்பித்தோம். வேகம் மணிக்கு 35 மைல். அதாவது நம் கணக்கில் 55 கிலோமீட்டர் சொச்சம். பெரிய வேகமே இல்லை. வலது பக்கம் திரும்பும் ஒரு வளைவு. உள்ளே போன பிறகு, நினைத்ததைவிட அது இறுக்கமாகச் சுருண்டிருப்பது தெரிந்தது. ஈர இலைகள் வேறு. சற்றே பயந்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தேன்.

அவ்வளவுதான். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

எனக்குப் பின்னால் இருந்த பாதி கார் 'எனக்கும் உனக்கும் இனி சம்பந்தமில்லை' என்று கிளம்பிவிட்டது. ஸீட்டுக்கு அடியில் யாரோ பாயை உருவின மாதிரி ஓர் உணர்ச்சி. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினேன், போதவில்லை. கண்ணாடியில் மரம், ரோடு, வானம், மறுபடி மரம். வந்த திசையைப் பார்த்தபடி, மலைப் பக்கத்துச் சாக்கடையில் பின் சக்கரம் இறங்கி, 'டங்'கென்று நின்றது. எதிர்ப்பக்கம் பள்ளத்தாக்கு. அந்த நிமிஷம் ரோட்டில் வேறு வண்டி எதுவும் இல்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதும்போது இப்போதும் கை கொஞ்சம் நடுங்குகிறது.

வைப்பர் மட்டும் க்றீச் க்றீச் என்று ஆடிக்கொண்டிருந்தது. அப்பாவின் மூக்குக் கண்ணாடி காலடியில் கிடந்தது. எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அடி ஏதும் படலையேடா?"

"இல்லப்பா. உங்களுக்கு?"

"இல்ல. எறங்கி டயரைப் பாரு."

'நான் அப்பவே சொன்னேனே' என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஒரே சம்பளம், இரண்டு செலவு

டோ வண்டி வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து அப்பா பாடம் நடத்தினார். அன்று அவர் சொன்னதும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதும் சேர்த்துச் சொல்கிறேன்.

ஒரு டயருக்கு ரோட்டைப் பிடிக்கிற சக்தி இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு. அதைச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் தள்ளுவது, பிரேக் பிடிப்பது, வளைவில் வண்டியைப் பக்கவாட்டில் தாங்குவது, இந்த மூன்றும் செலவு. வீட்டு வாடகைக்கே முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிட்டால் மளிகைக்கு என்ன செய்வீர்கள்? அதே கதைதான். பின் சக்கரத்தால் ஓடுகிற காரில், முன் டயருக்குத் திருப்புகிற செலவும் பிரேக் செலவும்தான். பின் டயருக்கோ எஞ்ஜினின் மொத்தத் தள்ளு சக்தி ஒரு செலவு, வளைவில் தாங்குவது இன்னொரு செலவு. குடும்பம் பெரிசு. அதனால் சம்பளத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்க வேண்டும். அந்த இன்க்ரிமென்ட்தான் அதிகப்படி 20 மில்லிமீட்டர் அகலம்.

எஸ்-2000-ல் எடை ஏறக்குறைய முன்னால் பாதி, பின்னால் பாதி. 'பிறகு பின்னால் மட்டும் எதற்குப் பெரிசு?' என்று நீங்கள் கேட்கலாம். நிற்கும்போதுதான் பாதிப் பாதி. ஓடும்போது எடை ஊஞ்சல் ஆடும். ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பின்னால் சாயும், காலை எடுத்தாலோ பிரேக்கை அழுத்தினாலோ முன்னால் ஓடி வரும். வளைவு நடுவில் நான் காலை எடுத்ததும் எடை முன்னால் வந்து, பின் டயரை ரோட்டில் அழுத்துகிற பளு குறைந்தது. போதாக்குறைக்கு எஞ்ஜினே பின் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும் பிரேக்காகவும் மாறியது. வருமானம் குறைந்த அதே விநாடி செலவு கூடியது. ஏற்கெனவே ஒல்லி டயர். திவால்!

இன்னொரு சூட்சுமமும் உண்டு. வளைவில் டயர் தான் பார்க்கும் திசையில் அப்படியே போவதில்லை. ரப்பர் முறுக்கிக்கொண்டு, ஒரு சின்னக் கோணத்தில் நழுவி நழுவித்தான் போகும். அகலமான டயருக்குப் பொதுவாக இந்த நழுவல் குறைவு. முன் டயர் அதிகமாகவும் பின் டயர் குறைவாகவும் நழுவினால் கார் வளைவை விட்டு வெளிப்பக்கம் ஒதுங்கப் பார்க்கும். நாமும் பதறிக் காலை எடுப்போம், வேகம் குறையும், பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். பின் டயர் அதிகமாக நழுவினால் கார் பம்பரம். சாதாரண டிரைவர்கள் முதல் வகையைச் சமாளித்துவிடுவார்கள். இரண்டாவதற்கு ரேஸ்காரன் கையும் காலும் வேண்டும். எனக்கு இருப்பது கீ-போர்டு தட்டுகிற கை.

இப்போதைய கார்களில் இப்படிச் சுற்ற ஆரம்பித்தாலே கம்ப்யூட்டர் தானாகவே பிரேக் போட்டுத் தடுத்துவிடும். அமெரிக்காவில் விற்ற எஸ்-2000-ல் அந்த வசதி 2006 மாடலில்தான் வந்தது. என்னுடையது 2001. அதில் இருந்த ஒரே எச்சரிக்கைக் கருவி அப்பா.

"நீ பஸ் இல்லன்னு சொன்னியே" என்று கடைசியில் ஆரம்பித்தார். "பஸ்ஸுக்கு முன்னால எத்தனை டயர்?"

"ரெண்டு."

"பின்னால?"

"பக்கத்துக்கு ரெண்டு, மொத்தம் நாலு."

"அப்ப அதுவும் உன் கார் மாதிரிதானே? முன்னால ஒல்லி, பின்னால தடி. பளு எங்கேயோ, வேலை எங்கேயோ, அங்கே ரப்பர். இதுக்கு ஜப்பான்காரன் வேணுமா?"

டோ வண்டி டிரைவர், கல்லில் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் சிரிப்பதைப் பார்த்து மண்டையில் அடிபட்டுவிட்டது என்று நினைத்திருப்பார்.

கம்பெனிக்காரர்களே பட்ட பாடு

எனக்கு ஒரு சமாதானம். பெரிய பெரிய கம்பெனிகளே இந்தப் பாடத்தைப் படிப்படியாகத்தான் படித்திருக்கின்றன.

போர்ஷே 911-ல் எஞ்ஜின் பின் ஆக்ஸிலுக்கும் பின்னால் தொங்குகிறது. 1973 மாடலாக வந்த கரெரா ஆர்.எஸ். 2.7-ல் முன்னால் 185/70, பின்னால் 215/60 என்று கொடுத்தார்கள். சாலையில் ஓடும் 911-ல் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட அகலமானது அதில்தான் முதல் தடவை. அதற்காகப் பின் மட்கார்டையே புடைத்துவிட வேண்டியிருந்தது. இன்றைக்கு 911 என்றதும் நம் கண்ணில் நிற்கிற அந்த அகன்ற இடுப்பு, டயருக்கு இடம் விட்டதால் வந்த அழகு.

டொயோட்டா எம்.ஆர்.2 இன்னும் சுவாரஸ்யம். எஞ்ஜின் ஸீட்டுக்குப் பின்னால். 1989-ல் வந்த இரண்டாவது தலைமுறையில் முன்னால் 195, பின்னால் 205. வித்தியாசம் பத்தே மில்லிமீட்டர். வளைவில் காலை எடுத்தால் பின்பக்கம் சட்டென்று வெட்டிக்கொண்டு போகிறது என்று பேச்சுக் கிளம்பியது. (அந்த உணர்ச்சி எனக்குத் தெரியும்!) அமெரிக்காவுக்கு வந்த 1993 மாடலில் ஸஸ்பென்ஷனைத் திருத்தி, ரிம்மை 14-லிருந்து 15 அங்குலமாக்கி, முன்னால் 195-ஐ அப்படியே வைத்துக்கொண்டு பின்னால் 225 ஆக்கினார்கள்.

என் ஹோண்டாவே 2004 மாடலில் 17 அங்குல ரிம்முக்கு மாறியது. முன்னால் 215, பின்னால் 245. இருபது மி.மீ. இருந்த வித்தியாசம் முப்பது ஆனது. 2008-ல் வந்த சி.ஆர். என்கிற ரேஸ் ரகத்தில் பின்னால் 255. வித்தியாசம் நாற்பது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டயரை மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா இருக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் ஸஸ்பென்ஷனையும் கூடவே திருத்தினார்கள். இதைக் கவனிக்காததால்தான் நான் அடுத்த முட்டாள்தனத்தைச் செய்தேன்.

குண்டு டயர் மோகம்

பட்ட பிறகு மனுஷன் நேர் எதிர்ப்பக்கம் ஓடுவான். ஒல்லி டயரால்தானே வினை? போடு குண்டாக! ஆபீஸில் கார்ப் பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவர், "245/45 ஆர் 16 போடுங்க ஜி. அதே ஏழரை அங்குல ரிம்முல உக்காரும். ஒட்டுப் புல்லு மாதிரி ரோட்டைப் பிடிச்சுக்கும்" என்றார். உட்காரும்தான். அந்தச் சைஸுக்கு ஏழரை என்பது மறு பக்கத்துக் கடைசி எல்லை. முதல் தடவை சட்டை சின்னது, இந்தத் தடவை தொளதொளா.

முன்னால் 205-ஐ மாற்றாமல் பின்னால் மட்டும் 245. வித்தியாசம் நாற்பது மி.மீ. ரேஸ் ரகத்தின் அதே வித்தியாசம் என்று பெருமை வேறு. பார்க்க என்னவோ ஜிம்முக்குப் போய் வந்த மாதிரி இருந்தது கார்.

இங்கே லீவு நாட்களில் பெரிய மைதானத்தில் ஆரஞ்சு கோன்களை வளைத்து வளைத்து வைத்து, ஒவ்வொருவராகக் காரை ஓட்டி நேரம் பார்ப்பார்கள். ஆட்டோகிராஸ் என்று பெயர். இடித்தால் பிளாஸ்டிக் கோன்தானே, பத்திரமாகக் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. போனேன். ஸ்டியரிங்கைத் திருப்பினால் பின்பக்கம் தூண் மாதிரி நிற்கிறது, முன்பக்கம் திரும்பமாட்டேன் என்கிறது! பிடிவாதக்கார மாட்டைக் கயிறு போட்டு இழுக்கிற மாதிரி, நான் ஒரு பக்கம் திருப்ப, கார் நேரே போய்க் கோன்களைச் சாய்த்துக்கொண்டே இருந்தது. ஒரு கோனுக்கு இரண்டு விநாடி அபராதம். நான் சாய்த்தது ஏழு. முடித்து வந்ததும் ஒரு பெரியவர் முதுகில் தட்டி, "கவலைப்படாதே, தேவைக்கு மேல் பிடிப்பு பின்னால் இருக்கிறது, தேவையான பிடிப்பு முன்னால் இல்லை" என்றார்.

அன்றைக்குத்தான் உறைத்தது. முன்னும் பின்னும் ஒரு தராசு. ஒரு தட்டில் மட்டும் வெயிட்டை ஏற்றினால் எந்தப் பக்கம் ஏற்றினாலும் தராசு சாயத்தான் செய்யும்.

மழை விஷயத்திலும் அகல டயர் ஒரு பங்கு மோசம்தான். அகலமான பலகை தண்ணீரில் மிதக்கும், குறுகலான கத்தி கிழித்துக்கொண்டு இறங்கும். தண்ணீர் தேங்கின ரோட்டில் பட்டன் ஆழம் ஒரே அளவாக இருந்தால், அகல டயர் சீக்கிரம் மிதக்க ஆரம்பிக்கும். "அப்படியானால் மழைக்கு உன் ஒல்லி 205-தானே நல்லது?" என்று மடக்காதீர்கள். ஹைவே 9-ல் நான் மிதக்கவில்லை. ரோட்டில் மெல்லிய ஈரம்தான். அங்கே கெட்டது தராசு.

கடைசியில் போட்டது என்ன?

கதவு ஸ்டிக்கரில் போட்டிருப்பதைத்தான்! முன்னால் 205/55, பின்னால் 225/50, நாலும் ஒரே கம்பெனி, ஒரே ரகம். விலை, முதலில் அழுதுகொண்டே வேண்டாம் என்று சொன்ன அதே விலை. நடுவில் ஒல்லி டயர் செலவு, சாக்கடையில் நெளிந்த ரிம் செலவு, டோ வண்டி செலவு, குண்டு டயர் செலவு. 160 டாலர் மிச்சம் பிடிக்க நான் செய்த செலவை மனைவிக்கு இன்றுவரை முழுசாகச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தை அவள் படிக்காமல் இருக்கப் பிரார்த்தியுங்கள்.

ஸ்போர்ட்ஸ் கார் இல்லாவிட்டால் என்ன? நாலு சக்கரம் இருக்கிற எல்லோருக்கும் ஆகக்கூடிய சில விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

* டயர் வாங்கும் முன் கதவுத் தூண் ஸ்டிக்கரையோ காரோடு வந்த புஸ்தகத்தையோ பாருங்கள். இப்போது வண்டியில் மாட்டியிருக்கும் டயரைப் பார்த்து வாங்காதீர்கள். முந்தின சொந்தக்காரர் என்னை மாதிரி புத்திசாலியாக இருந்திருக்கலாம்.

* சைஸ் மாற்றியே ஆகவேண்டும் என்றால் மூன்று கேள்வி. ரிம் அகலத்துக்குப் பொருந்துமா? உயரம் பழையதை ஒட்டி வருமா? முன்னுக்கும் பின்னுக்கும் இருந்த வித்தியாசம் அப்படியே இருக்குமா? மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறோம்.

* நாலு சக்கரத்துக்கும் சக்தி போகிற காராக இருந்தால் உயரக் கணக்கில் விளையாடவே கூடாது. முன்னும் பின்னும் வேறு வேறு வேகத்தில் சுற்றினால் நடுவில் இருக்கும் இணைப்பு சூடாகித் தேய்ந்துவிடும்.

* முன்னும் பின்னும் வேறு சைஸ் என்றால் டயரை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சரிக்கட்ட முடியாது. பின் டயர் சீக்கிரம் தேயும். அதற்கென்று தனி பட்ஜெட் போட்டுக்கொள்ளுங்கள்.

* டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018-ம் வருஷம் 23-வது வாரம் பிறந்த டயர். ஜாதகம் பார்க்காமல் வாங்காதீர்கள்.

* பட்டன் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சின்ன மேடு தெரியும். தேய்ந்து தேய்ந்து அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் பட்டன் ஆழம் வெறும் 1.6 மி.மீ.தான் மிச்சம். அதற்கு மேல் ஓட்டுவது எமனுக்கு லிஃப்ட் கொடுப்பது.

* இரண்டே இரண்டு புது டயர் வாங்கினால் எங்கே போடுவது? நாலும் ஒரே சைஸாக இருக்கிற காரில், முன் சக்கரத்தால் ஓடுகிற மாருதியாக இருந்தால்கூட, பின்னால் போடுங்கள். டயர் கம்பெனிகள் சொல்வது அதைத்தான். காரணம் உங்களுக்கு இப்போது தெரியும்: முன்பக்கம் வழுக்கினால் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் பம்பரம்.

இந்தக் கடைசி விஷயத்தில் மட்டும் அப்பா என்னோடு சண்டைக்கு வந்தார். "பஸ்ஸுல புது டயரை முன்னாலதான் போடுவோம். ரீபட்டன் பண்ணினதைப் பின்னால போடுவோம்" என்றார். அதுவும் சரிதான். பஸ்ஸுக்குப் பின்னால் பக்கத்துக்கு இரண்டு டயர், ஒன்று வெடித்தாலும் இன்னொன்று தாங்கும். முன்னால் ஒன்றே ஒன்று, வெடித்தால் ஸ்டியரிங்கே கையை விட்டுப் போகும். காருக்குப் பின்னால் அந்த ஜோடி டயர் கிடையாது என்று நான் விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"சரிதான்டா" என்றார். டயர் விஷயத்தில் அப்பா என் பேச்சை ஒப்புக்கொண்டது அது ஒரு தடவைதான். பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஊருக்குக் கிளம்பும் முன், சரியான டயர் மாட்டின காரில் அவரை மறுபடி ஹைவே 9-ல் அழைத்துப் போனேன். அதே வளைவு வந்தது. ரோடு காய்ந்திருந்தது. நான் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, காலைச் சட்டென்று எடுக்காமல், மெதுவாகத் திரும்பினேன். கார் தண்டவாளத்தில் போகிற மாதிரிப் போனது. அப்பா ஒரு கையால் கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டிருந்ததைப் பார்க்காத மாதிரி இருந்தேன். வளைவு முடிந்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு அது போதும்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் பண்ணுவார். முதல் கேள்வி, "டயர்ல காத்து பாத்தியா?" இரண்டாவது கேள்விதான், "பேத்தி எப்படி இருக்கா?"

மனைவி கேட்கிறாள், "ஏங்க, உங்க அப்பாவுக்கு நம்மளைவிட டயர் மேலதான் பாசமா?"

அவளுக்கு எப்படிச் சொல்ல? இரண்டும் ஒரே கேள்விதான்.